‘டு’ எங்கே சிக்குகிறது? ஆங்கில வாக்கியப் பிழைகளை அறிகுறி பார்த்து நீக்கும் வழிமுறை

ஓசூர் சிப்காட்டில் நேர்காணலுக்குத் தயாராகும் பாலிடெக்னிக் மாணவர், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதும் அலுவலர், தர்மபுரியில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என எல்லோருக்கும் ஆங்கிலத்தில் ஒரே இடம் திரும்பத் திரும்பத் தகராறு செய்கிறது. வினைக்கு முன்னால் நிற்கும் ‘டு’ ஒன்று. அதன் அக்கம்பக்கத்தில் வரும் ‘ஃபார்’, ‘இன்’, ‘ஆன்’, ‘வித்’ போன்ற ப்ரெபொசிஷன்கள் இரண்டு. இரு சொல் ஒட்டி ஒரே பெயராகும் காம்பவுண்ட் நவுன் மூன்று. பள்ளியில் இவை மூன்றும் தனித்தனிப் பாடங்கள். பேச்சில் மூன்றும் பின்னிக்கொண்டு வருகின்றன. பிழையும் அந்தப் பின்னலில்தான் விழுகிறது.

இதை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும் என்பதில்லை. உங்கள் வாக்கியத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். எடுத்துக்காட்டுகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். வாய்விட்டுப் படியுங்கள். இந்த வகைப் பிழைகள் கண்ணுக்குத் தப்பினாலும் காதில் மாட்டிக்கொள்ளும்.

கோளாறின் வேர்

தமிழில் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் ஒன்றே பல வேலைகளைப் பார்க்கிறது. ‘வாங்கப் போனேன்’, ‘ஓட்டத் தெரியும்’, ‘உட்கார நாற்காலி’, ‘தூக்க முடியாது’. நான்கிலும் வினை ‘அ’ என்றுதான் முடிகிறது. ஆங்கிலத்தில் இவை நான்கும் நான்கு வடிவம்: ‘வென்ட் டு பை’, ‘நோ ஹௌ டு டிரைவ்’, ‘எ சேர் டு சிட் ஆன்’, ‘கான்ட் லிஃப்ட்’. முதலாவதில் வெறும் ‘டு’. இரண்டாவதில் கூடவே ‘ஹௌ’. மூன்றாவதில் வால்போல ‘ஆன்’. நான்காவதில் ‘டு’வே இல்லை. தமிழில் ஒன்றாக இருப்பதை ஆங்கிலத்திலும் ஒன்றாக்கப் பார்ப்பதால்தான் கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை உண்டாகின்றன. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்களுக்கும் இதே சிக்கல்தான். அந்த மொழிகளிலும் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுமே தவிர, வாக்கியத்தின் கடைசியில் தனியாகத் தொங்காது.

இரண்டாவது வேர், ஆங்கில ‘டு’ ஒன்றல்ல, இரண்டு என்பது. ‘டு கிருஷ்ணகிரி’ என்பதில் வருவது நம் ‘கு’ உருபுபோல வேலை செய்யும் ப்ரெபொசிஷன். ‘டு கோ’ என்பதில் வருவது இன்ஃபினிட்டிவின், அதாவது ‘டு’ சேர்ந்து காலம் காட்டாமல் வரும் வினை வடிவத்தின், அடையாளம். எழுத்தும் ஒலியும் ஒன்று, வேலை வேறு. அறிகுறி 3 முழுக்க இந்தக் குழப்பத்தால் வருவது.

அறிகுறி 1: வாக்கியம் முடிந்த பிறகும் கேட்பவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருக்கிறார்

‘கிவ் மீ எ சேர் டு சிட்.’ ‘ஐ நீட் எ பென் டு ரைட்.’ ‘தேர் இஸ் நோபடி டு டாக்.’

மூன்றிலும் கடைசி ப்ரெபொசிஷன் விழுந்துவிட்டது. முதல் இரண்டில் அரைகுறையாகக் கேட்பதோடு போகிறது. மூன்றாவதில் பொருளே மாறுகிறது. ‘நோபடி டு டாக்’ என்றால் பேச முன்வரும் ஆள் இல்லை என்றாகிவிடும். நாம் சொல்ல வந்தது, நான் போய்ப் பேச ஆள் இல்லை என்பது. அதற்கு ‘நோபடி டு டாக் டு’ என்று வர வேண்டும். இரண்டு ‘டு’ வருகிறதே என்று பயப்பட வேண்டாம். முதலாவது இன்ஃபினிட்டிவ், இரண்டாவது ப்ரெபொசிஷன். இரண்டுமே தேவை.

சோதனை மூன்று படி. பெயர்ச்சொல்லைத் தனியே எடுங்கள் (‘சேர்’). அதை வினைக்குப் பின்னால் போட்டு ஒரு சின்ன வாக்கியம் செய்யுங்கள் (‘சிட் ஆன் த சேர்’). அங்கே எந்த ப்ரெபொசிஷன் தேவைப்பட்டதோ அதைக் கடைசியில் தொங்கவிடுங்கள்: ‘எ சேர் டு சிட் ஆன்’. ‘ட்ரிங்க் வாட்டர்’ என்பதில் நடுவில் எதுவும் தேவைப்படவில்லை. அதனால் ‘வாட்டர் டு ட்ரிங்க்’ அப்படியே சரி. ‘எ புக் டு ரீட்’ என்பதும் அப்படித்தான்.

வினை ஒன்றாகவே இருந்தாலும் பெயர் மாறினால் வாலும் மாறும். ‘ரைட்’ என்ற ஒரே வினையை எடுத்துப் பாருங்கள். பேனா என்றால் ‘எ பென் டு ரைட் வித்’. தாள் என்றால் ‘பேப்பர் டு ரைட் ஆன்’. தலைப்பு என்றால் ‘எ டாபிக் டு ரைட் அபௌட்’. கடிதம் எழுத ஒரு நண்பர் என்றால் ‘எ ஃப்ரெண்ட் டு ரைட் டு’. தமிழில் நான்குக்கும் ‘எழுத’ போதும். அதனால் மனப்பாடம் உதவாது, ஒவ்வொரு முறையும் சோதனையைச் செய்துதான் ஆக வேண்டும். ஒகேனக்கல் பரிசல் என்றால் ‘எ கோரக்கிள் டு கிராஸ் த ரிவர் இன்’. இங்கே வினைக்கு ‘ரிவர்’ என்ற செயப்படுபொருள் ஏற்கெனவே இருப்பதால் பலரும் வாக்கியம் முடிந்துவிட்டதாக நினைத்து ‘இன்’னை விட்டுவிடுகிறார்கள். பரிசலுக்குள் உட்கார்ந்துதான் கடக்கிறோம். ‘இன்’ அந்தப் பரிசலுக்கு உரியது.

சலுகை உள்ள இடங்களும் உண்டு. ‘பிளேஸ்’, ‘டைம்’, ‘வே’ ஆகிய பெயர்களுக்கு வால் தேவையில்லை: ‘எ பிளேஸ் டு ஸ்டே’, ‘டைம் டு கோ’. ஆனால் ‘ரூம்’ என்று மாற்றிய உடனே ‘எ ரூம் டு ஸ்டே இன்’ ஆகிவிடும். கருவியைக் குறிக்கும் ‘வித்’, வினைக்குச் செயப்படுபொருள் இருக்கும்போது பெரும்பாலும் உதிர்ந்துவிடும்: ‘எ கீ டு ஓபன் த டோர்’, ‘மனி டு பை சீட்ஸ்’. இவற்றில் ‘வித்’ தேடி அலைய வேண்டாம்.

அலுவலகக் கடிதத்தில் வாலை முன்னுக்குக் கொண்டுவரலாம்: ‘எ ஹௌஸ் இன் விச் டு லிவ்’. பேச்சில் இது விறைப்பாக இருக்கும், எழுத்தில் பரவாயில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ‘இன்’ முன்னால் வந்துவிட்டால் பின்னால் மறுபடியும் வரக்கூடாது. ‘இன் விச் டு லிவ் இன்’ என்பது தவறு. ‘எ ஹௌஸ் விச் டு லிவ் இன்’ என்பதும் தவறு. இந்த அமைப்பில் ‘விச்’ வந்தால் ப்ரெபொசிஷன் அதற்கு முன்னால் ஒட்டியே நிற்க வேண்டும்.

இதே பொருளைக் காம்பவுண்ட் நவுனாகச் சுருக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். பள்ளியில் ‘உருபும் பயனும் உடன்தொக்க தொகை’ படித்திருப்பீர்கள். ‘தயிர்க்குடம்’ என்றால் தயிரை உடைய குடம். ‘ஐ’யும் ‘உடைய’வும் மறைந்து நிற்கின்றன. ‘ரீடிங் ரூம்’ அதே வேலையைத்தான் செய்கிறது. விரித்தால் ‘எ ரூம் டு ரீட் இன்’. ‘வாக்கிங் ஸ்டிக்’ விரிந்தால் ‘எ ஸ்டிக் டு வாக் வித்’. ‘டைனிங் டேபிள்’ விரிந்தால் ‘எ டேபிள் டு ஈட் அட்’. கிருஷ்ணகிரி அணையில் வீசும் ‘ஃபிஷிங் நெட்’ விரிந்தால் ‘எ நெட் டு ஃபிஷ் வித்’. தொகையாக இருக்கும்வரை ப்ரெபொசிஷன் மறைந்திருக்கும். இன்ஃபினிட்டிவாக விரித்த உடனே அது வெளியே வந்தே தீர வேண்டும். தமிழில் ‘உட்கார நாற்காலி’ என்று விரித்தபோதும் அது மறைந்தே இருப்பதுதான் நம் கையைப் பிடித்து இழுக்கிறது. வீட்டில் கண்ணில் படும் ‘இங்’ பெயர்களையெல்லாம் ஒரு வாரம் இப்படி விரித்துச் சொல்லிப் பழகுங்கள். இந்தப் பிழைக்கு இதைவிட நல்ல மருந்து எங்களுக்குத் தெரிந்து இல்லை.

அறிகுறி 2: நோக்கத்தைச் சொல்லும்போது ‘ஃபார்’ முன்னால் வந்து நிற்கிறது

‘ஐ கேம் டு கிருஷ்ணகிரி ஃபார் பையிங் மேங்கோஸ்.’ ‘ஐ வென்ட் டு ஓசூர் ஃபார் அட்டெண்டிங் அன் இன்டர்வியூ.’ சில வேளை ‘ஃபார் டு பை’ என்றே வந்துவிடுகிறது.

‘வாங்குவதற்காக’ என்பதில் உள்ள ‘காக’வை ‘ஃபார்’ ஆக்கியதன் விளைவு இது. ஒருவர் எதற்காக ஒரு செயலைச் செய்தார் என்று சொல்லும்போது ஆங்கிலத்துக்கு வெறும் ‘டு’ போதும்: ‘ஐ கேம் டு கிருஷ்ணகிரி டு பை மேங்கோஸ்’. ‘ஃபார்’ வேண்டும் என்றால் அதன் பின்னால் வினை வராமல் பெயர் வரட்டும்: ‘ஐ வென்ட் டு ஓசூர் ஃபார் அன் இன்டர்வியூ’. இரண்டில் எதையும் எடுக்கலாம். இரண்டையும் கலக்கக் கூடாது.

அப்படியானால் ‘தேங்க் யூ ஃபார் கமிங்’ எப்படிச் சரி? தமிழிலேயே விடை இருக்கிறது. அது ‘வந்ததற்கு நன்றி’, நடந்து முடிந்த காரியம். ‘வாங்குவதற்கு வந்தேன்’ என்பது இனி நடக்கப்போவது. ‘ததற்கு’ என்று வந்தால் ‘ஃபார்’ கூட ‘இங்’. ‘வதற்கு’ என்று வந்தால் ‘டு’ கூட வெறும் வினை. ஒரு பொருளின் பயனைச் சொல்லும் இடம் மட்டும் இந்த வரம்புக்கு வெளியே: ‘திஸ் மெஷின் இஸ் ஃபார் வாஷிங் க்ரேட்ஸ்’ சரியே (‘க்ரேட்’ என்றால் பெட்டி). அங்கே பேச்சு இயந்திரத்தைப் பற்றி, ஆளின் நோக்கத்தைப் பற்றி அல்ல.

‘ஃபார்’, ‘டு’ இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தாலே தவறு என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். இடையில் ஓர் ஆளோ பொருளோ இருந்தால் சரி: ‘இட் இஸ் டைம் ஃபார் அஸ் டு லீவ்’. இங்கே ‘ஃபார்’ சேர்வது ‘அஸ்’ உடன், வினையோடு அல்ல.

எதிர்மறை நோக்கத்துக்கு ‘நாட் டு’ மட்டும் போதாது. ‘பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்க’ என்பதற்கு ‘ஸோ ஆஸ் நாட் டு மிஸ் த பஸ்’ என்று முழுதாகச் சொல்லுங்கள்.

அறிகுறி 3: மின்னஞ்சலின் கடைசி வரியில் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’

வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதங்களில் அடிக்கடி வரும் பிழை. படிக்கிறவர் கண்ணில் கடைசியாகத் தங்கும் வரியும் இதுதான், அதனால் திருத்தியே ஆக வேண்டும். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்பதே சரி.

சோதனை: ‘டு’வுக்குப் பிறகு வினையை எடுத்துவிட்டு ‘இட்’ போடுங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்’ நிற்கிறது. எனவே அந்த ‘டு’ ப்ரெபொசிஷன், பின்னால் ‘இங்’ வர வேண்டும். ‘ஐ வான்ட் டு இட்’ நிற்கவில்லை. எனவே அது இன்ஃபினிட்டிவின் ‘டு’, பின்னால் வெறும் வினை. ‘அப்ஜெக்ட் டு’, ‘கமிட்டெட் டு’, ‘இன் அடிஷன் டு’, ‘வென் இட் கம்ஸ் டு’, ‘வித் எ வ்யூ டு’ எல்லாம் ‘இங்’ கேட்கும் கூட்டம். இந்தச் சோதனையை ஏமாற்றும் வினை ஒன்று இருக்கிறது, ‘அக்ரீ’. ‘ஐ அக்ரீ டு இட்’ என்பதும் சரி, ‘ஐ அக்ரீ டு பே’ என்பதும் சரி. அதைத் தனியாக நினைவில் வையுங்கள்.

நேர்காணலில் காலை வாரிவிடும் இணை ஒன்று. ‘ஐ யூஸ்ட் டு வொர்க் நைட் ஷிஃப்ட்ஸ்’ என்றால் முன்பு இரவு ஷிஃப்ட் பார்த்தேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் நைட் ஷிஃப்ட்ஸ்’ என்றால் இரவு ஷிஃப்ட் எனக்குப் பழக்கம்தான். நடுவில் வரும் ஓர் ‘ஆம்’, கடைசியில் வரும் ஓர் ‘இங்’. இவை இரண்டும் சேர்ந்தே வரும், சேர்ந்தே போகும். இரண்டாவதைச் சொல்ல வந்து முதலாவதைச் சொன்னால், அந்த வேலையை விட்டு வந்தவர் என்றே கேட்பவர் புரிந்துகொள்வார்.

மற்ற ப்ரெபொசிஷன்களுக்குச் சட்டம் எளிது. ‘வித்அவுட்’, ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘பை’, ‘ஃப்ரம்’, ‘இன்ஸ்டெட் ஆஃப்’ எதற்குப் பின்னாலும் ‘டு’ வராது, ‘இங்’தான் வரும்: ‘ஹி லெஃப்ட் வித்அவுட் டெல்லிங் மீ’. விலக்காக மூன்றை மட்டும் மனதில் வைத்தால் போதும்: ‘அபௌட்’, ‘பட்’, ‘எக்ஸெப்ட்’. ‘த பஸ் இஸ் அபௌட் டு லீவ்’ என்றால் பஸ் கிளம்பப் போகிறது. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து சாலை அடைத்துக்கொண்டால் ‘வி ஹேட் நோ சாய்ஸ் பட் டு வெயிட்’. ஆனால் முன்னால் ‘டிட்’ இருந்தால் ‘டு’வும் உதிரும்: ‘வி டிட் நத்திங் பட் வெயிட்’.

அறிகுறி 4: ‘ஐ நோ டு டிரைவ்’

‘ஓட்டத் தெரியும்’ அப்படியே ஆங்கிலத்தில் ஏறியிருக்கிறது. ‘நோ’வுக்குப் பின்னால் நேராக ‘டு’ ஒட்டாது, நடுவில் ஒரு வினாச்சொல் வேண்டும்: ‘ஐ நோ ஹௌ டு டிரைவ்’. ‘ஷோ மீ வேர் டு சைன்’, ‘டெல் மீ வாட் டு பிரிங்’ எல்லாம் இதே அச்சு. ‘லேர்ன்’ மட்டும் தாராளமானது. ‘லேர்ன் டு டிரைவ்’, ‘லேர்ன் ஹௌ டு டிரைவ்’ இரண்டும் சரி.

ப்ரெபொசிஷனுக்குப் பின்னால் இன்ஃபினிட்டிவ் வராது என்று மேலே சொன்னோம். நடுவில் வினாச்சொல் வந்தால் வரும்: ‘எ டாக் ஆன் ஹௌ டு க்ரோ ரோஸஸ்’. தக்காளியை இன்றே விற்பதா, வைத்திருப்பதா என்ற பாலக்கோட்டு விவசாயியின் கேள்வி ‘வி ஆர் திங்கிங் அபௌட் வெதர் டு செல் டுடே’ ஆகும். இந்த இடத்தில் ‘இஃப் டு’ செல்லாது, ‘வெதர் டு’ மட்டுமே செல்லும். ‘ஐ டோன்ட் நோ ஒய் டு கோ’ என்பதும் ஒப்பாது. ‘ஒய் ஐ ஷுட் கோ’ என்று முழு வாக்கியமாக்குங்கள்.

அறிகுறி 5: கடைசியில் ஓர் ‘இட்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது

‘திஸ் க்ரேட் இஸ் டூ ஹெவி டு லிஃப்ட் இட்.’ ‘இட்’ குறிப்பது முன்னாலேயே வந்துவிட்ட ‘க்ரேட்’டைத்தான். அதை வெட்டுங்கள்: ‘டூ ஹெவி டு லிஃப்ட்’. தூக்குபவரைச் சொல்ல வேண்டுமானால் ‘டூ ஹெவி ஃபார் ஹிம் டு லிஃப்ட்’. ‘திஸ் வாட்டர் இஸ் நாட் சேஃப் டு ட்ரிங்க்’ என்பதும் இதே அமைப்பு. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் பலமுறை எழுத வேண்டிவரும் வாக்கியம்.

‘இட்’டை வெட்டும் வேகத்தில் ப்ரெபொசிஷனையும் சேர்த்து வெட்டிவிடக் கூடாது. ‘த ரிவர் இஸ் டேஞ்சரஸ் டு பேத் இன்’ என்பதில் ‘இன்’ இருந்தே ஆக வேண்டும். ‘அவரிடம் பேசுவது எளிது’ என்றால் ‘ஹி இஸ் ஈஸி டு டாக் டு’. அறிகுறி 1இல் சொன்ன சோதனை இங்கேயும் அப்படியே வேலை செய்யும்.

‘இனஃப்’ எங்கே நிற்கும் என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். பண்புச்சொல்லுக்குப் பின்னால், பெயர்ச்சொல்லுக்கு முன்னால்: ‘ரைப் இனஃப் டு ஈட்’, ‘இனஃப் மனி டு லிவ் ஆன்’.

அறிகுறி 6: ‘ஹி டோல்ட் டு மீ டு கம்’

‘என்னிடம் சொன்னார்’ என்பதன் ‘இடம்’ உருபு ‘டு’வாக மாறி உள்ளே நுழைந்திருக்கிறது. ‘டெல்’, ‘ஆஸ்க்’, ‘ரிக்வெஸ்ட்’, ‘அட்வைஸ்’, ‘அலௌ’ ஆகியவற்றுக்கு ஆள் நேராக வரும்: ‘ஹி டோல்ட் மீ டு கம்’. வராதே என்றால் ‘டோல்ட் மீ நாட் டு கம்’.

‘சஜெஸ்ட்’ இந்தக் கூட்டத்தில் சேராது. ‘ஹி சஜெஸ்டட் மீ டு அப்ளை’ என்பது தவறு. ‘ஹி சஜெஸ்டட் தட் ஐ அப்ளை’ என்று வாக்கியத்தையே மாற்ற வேண்டும்.

‘மேக்’, ‘லெட்’ இரண்டுக்கும் ‘டு’ கிடையாது: ‘தே மேட் அஸ் வெயிட்’. செயப்பாட்டு வினையாக்கினால் ‘மேக்’குக்கு மட்டும் ‘டு’ திரும்பி வரும்: ‘வி வேர் மேட் டு வெயிட்’. தேர்வுத்தாள்களுக்குப் பிடித்த இடம் இது.

அறிகுறி 7: பெயர்ச்சொல்லுக்குப் பிறகு ‘டு’வா, ‘ஆஃப்’பா, ‘இன்’னா என்று கை நின்றுவிடுகிறது

இதற்கு ஒரே சட்டம் கிடையாது. உதவும் வழி ஒன்று உண்டு, பெயர் எந்த வினையிலிருந்தோ பண்பிலிருந்தோ வந்தது என்று பார்ப்பது. ‘டிசைட் டு’ என்பதால் ‘டிசிஷன் டு’. ‘ரிஃப்யூஸ் டு’ என்பதால் ‘ரிஃப்யூசல் டு’. ‘ஏபிள் டு’ என்பதால் ‘எபிலிட்டி டு’. ‘சக்ஸீட் இன்’ என்பதால் ‘சக்ஸஸ் இன்’. தன்குறிப்பில் எழுதும் ‘இன்ட்ரஸ்ட் டு லேர்ன்’ தவறு, ‘இன்ட்ரஸ்ட் இன் லேர்னிங்’ சரி. ‘டிஃபிகல்டி டு ஃபைண்ட்’ தவறு, ‘டிஃபிகல்டி இன் ஃபைண்டிங்’ சரி. ‘பாஸிபிலிட்டி’, ‘ஹேபிட்’ இரண்டும் ‘ஆஃப்’ கூட ‘இங்’ கேட்பவை.

‘சான்ஸ்’ இரண்டையும் ஏற்கும், ஆனால் பொருள் பிரியும். ‘எ சான்ஸ் டு வின்’ என்றால் வெல்ல வாய்ப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது. ‘எ சான்ஸ் ஆஃப் வின்னிங்’ என்றால் வெல்லக்கூடும். முன்னதில் கதவு திறந்திருக்கிறது, பின்னதில் கணக்கு போடுகிறோம்.

அறிகுறி 8: இரண்டு பெயரை ஒட்டினேன், யாருக்கும் புரியவில்லை

நம் வினைத்தொகை இங்கே குறுக்கே வருகிறது. ‘குடிநீர்’, ‘ஊறுகாய்’ என்று வினைப் பகுதியை அப்படியே பெயரோடு ஒட்டிப் பழகியவர்கள் ‘ட்ரிங்க் வாட்டர்’, ‘வெயிட் ரூம்’ என்கிறார்கள். ஆங்கிலம் இங்கே பெரும்பாலும் ‘இங்’ கேட்கும்: ‘ட்ரிங்கிங் வாட்டர்’, ‘வெயிட்டிங் ரூம்’. வெறும் வினை ஒட்டிய சொற்களும் உண்டு. ‘வாஷ்பேசின்’, ‘ப்ளேகிரவுண்ட்’, லாரி எடை போடும் ‘வெய்பிரிட்ஜ்’. இவை வழக்கில் நிலைத்துவிட்டவை. இவற்றைப் பார்த்துப் புதிதாக நீங்களே ஒன்று செய்ய வேண்டாம்.

அழுத்தத்தையும் கவனியுங்கள். தொகையாக வரும் ‘ட்ரிங்கிங் வாட்டர்’இல் குரல் ‘ட்ரிங்’ மேல் விழும். ‘ஹி இஸ் ட்ரிங்கிங் வாட்டர்’ என்று செயலைச் சொன்னால் ‘வாட்டர்’ மேல் விழும்.

முன்னால் நிற்கும் பெயருக்குப் பன்மை வேண்டாம்: பெட்டி நிறைய மாம்பழம் இருந்தாலும் அது ‘மேங்கோ க்ரேட்’தான். எண் சேர்ந்தாலும் அப்படியே: ‘எ டென்-கிலோ க்ரேட்’, ‘எ த்ரீ-இயர் கோர்ஸ்’. ‘க்ளோத்ஸ் ஷாப்’, ‘ஸ்போர்ட்ஸ் டே’, ‘சேவிங்ஸ் அக்கவுண்ட்’, ‘கூட்ஸ் ட்ரெயின்’ ஆகியவை விலக்கு. ‘டீ கப்’ என்றால் பாத்திரம், ‘கப் ஆஃப் டீ’ என்றால் குடிக்கும் டீ. விருந்தாளியிடம் முன்னதைக் கேட்டால் காலிக் கோப்பைதான் நினைவுக்கு வரும்.

இன்ஃபினிட்டிவே தொகைக்குள் நுழையும் இடம் ஒன்று உண்டு. பெயருக்கு முன்னால் இணைகோடு போட்டு வந்தால் ‘ரெடி-டு-ட்ரிங்க் ஜூஸ்’. வினைக்குப் பின்னால் வந்தால் கோடு இல்லாமல் ‘த ஜூஸ் இஸ் ரெடி டு ட்ரிங்க்’. பாட்டில் லேபிள் அடிக்கக் கொடுக்கும் முன் இந்தக் கோடுகளைச் சரிபாருங்கள்.

ஏற்றுமதிக் கடிதங்களில் நான்கைந்து பெயர்கள் வரிசையாக நிற்பது இந்தப் பகுதியின் பெரிய தலைவலி. ‘மேங்கோ பல்ப் எக்ஸ்போர்ட் லைசென்ஸ் அப்ளிகேஷன்’. இலக்கணப்படி பிழை இல்லை, ஆனால் படிப்பவர் இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. பின்னாலிருந்து முன்னால் வந்து விரியுங்கள். கடைசிச் சொல்தான் தலை, ‘அப்ளிகேஷன்’. எதற்கு விண்ணப்பம்? ‘ஃபார் எ லைசென்ஸ்’. எதைச் செய்ய உரிமம்? ‘டு எக்ஸ்போர்ட்’. எதை? ‘மேங்கோ பல்ப்’. சேர்த்தால் ‘அன் அப்ளிகேஷன் ஃபார் எ லைசென்ஸ் டு எக்ஸ்போர்ட் மேங்கோ பல்ப்’. தொகைக்குள் ஒளிந்திருந்த ‘ஃபார்’, ‘டு’ இரண்டும் அவரவர் இடத்தில் வந்து நின்றுவிட்டன. ‘எக்ஸ்போர்ட்’ தொகைக்குள் பெயராக இருந்தது, விரித்ததும் வினையாகிவிட்டது. மூன்று பெயர் வரை ஒட்டலாம். அதற்கு மேல் போனால் விரித்து எழுதுவதே வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதை.

அறிகுறி 9: ‘லாகின்’ ஒட்டுமா, பிரியுமா?

வினையும் ப்ரெபொசிஷன் போன்ற சிறுசொல்லும் சேர்ந்து வரும்போது, வினையாக இருந்தால் பிரித்தும், பெயராக இருந்தால் சேர்த்தும் எழுத வேண்டும். ‘யூ நீட் டு லாக் இன்’ என்பதில் பிரியும். ‘யுவர் லாகின் ஃபெயில்ட்’ என்பதில் சேரும். ‘செட் அப்’, ‘பேக் அப்’, ‘பிக் அப்’, ‘செக் அவுட்’ எல்லாவற்றுக்கும் இதே முறைதான். சந்தேகம் வந்தால் இறந்தகாலமாக்கிப் பாருங்கள். ‘லாக்ட் இன்’ என்று முதல் சொல் மட்டும் மாறினால் அது வினை, பிரித்து எழுதுங்கள். ‘டு’வுக்குப் பின்னால் வருவது இன்ஃபினிட்டிவ் என்றால் எப்போதுமே வினைதான். அதனால் அங்கே சேர்த்து எழுதும் பேச்சே இல்லை.

‘இன்டு’ ஒரு சொல்லா, ‘இன் டு’ இரண்டு சொல்லா என்பதும் இதன் கூடப்பிறந்த சிக்கல். உள்ளே என்ற பொருள் இருந்தால் ஒரே சொல்: ‘ஷி வென்ட் இன்டு த பேங்க்’. ‘டு’வுக்குப் பின்னால் வினை வந்து நோக்கத்தைச் சொன்னால் இரண்டு சொல்: ‘ஷி வென்ட் இன் டு பே த பில்’. ‘டு’ இருக்கும் இடத்தில் ‘இன் ஆர்டர் டு’ போட்டுப் படியுங்கள். பொருள் கெடாமல் நின்றால் இடைவெளி விட்டு எழுதுங்கள். நிற்காமல், உள்ளே என்ற பொருளும் இருந்தால் சேர்த்து எழுதுங்கள். ‘லாக் இன்’ போல ‘இன்’ வினையோடு சேர்ந்ததாக இருந்தால் மட்டும், பின்னால் பெயர் வந்தாலும் ‘இன் டு’ பிரிந்தே நிற்கும்.